விளக்கு எரியும் வரை: குறிபார்த்துச் சுடுதல் குறித்து வாசகர் கேள்விகளும் பதில்களும்

சென்ற இதழில் கைத்துப்பாக்கிப் போட்டிகளைப் பற்றி எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே குறையைத்தான் சொல்கின்றன: பயிற்சியில் வருவது போட்டியில் வருவதில்லை. பினாங்கில் ஒரு கழகத்தில் இளையோருக்குக் கைத்துப்பாக்கி கற்றுக்கொடுத்துவரும் நான் சனிக்கிழமைதோறும் கேட்கும் குறை இது. சில கடிதங்களை எடுத்துக்கொண்டு, இந்த இதழில் முடிந்தவரை விரிவாகவே பதில் எழுதுகிறேன்.

கேள்வி: ஐயா, வணக்கம். நான் பட்டர்வொர்த்தில் பிறந்து வளர்ந்தவன். பதினோரு ஆண்டுகளாக அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் வசிக்கிறேன். இப்போது அந்நாட்டுக் குடிமகன். மூன்று ஆண்டுகளாக அங்கே ஃபாஸ்ட் டிரா எனப்படும், உறையிலிருந்து துப்பாக்கியை உருவிச் சுடும் போட்டிகளில் கலந்துகொள்கிறேன். என் மிகச் சிறந்த நேரம் 0.42 நொடி. ஆனால் எங்கள் கழகத்தில் 60 வயதைத் தாண்டிய ஒருவரிடம் தொடர்ந்து தோற்கிறேன். அவருடைய நேரம் எப்போதும் 0.52இலிருந்து 0.57க்குள்தான் இருக்கும். வேகத்தில் நான் மேலானவன் என்று தெரிந்தும் ஏன் வெல்ல முடியவில்லை? கடைசி இருபது சுடுதல்களின் குறிப்பை இணைத்திருக்கிறேன். — வாசகர், அரிசோனா

பதில்: தம்பி, உங்கள் விளையாட்டை அறியாதவர்களுக்காக முதலில் சில வரிகள் சொல்லிவிடுகிறேன். 1950களில் கலிபோர்னியாவின் நாட்ஸ் பெர்ரி ஃபார்ம் கேளிக்கைப் பூங்காவில் ரயில் கொள்ளைக்காரனாக வேடமிட்டு வந்த டீ வூலம் என்பவர்தான் இதைக் கடிகாரம் வைத்து அளக்கும் விளையாட்டாக மாற்றியவர். சினிமாவில் காண்பதுபோல் ஒருவரை ஒருவர் நோக்கிச் சுடுவது இதில் கிடையாது. மெழுகுக் குண்டு கொண்டு நடத்தப்படும் போட்டிகளில் இருவர் அருகருகே நின்று, 21 அடி தூரத்தில் உள்ள 24 அங்குல விட்டமுடைய தத்தம் உலோகத் தகட்டைச் சுடுகிறார்கள். தகட்டின் நடுவில் ஒரு சிறு விளக்கு இருக்கும். ஆயத்தக் கட்டளை வந்தபின் இரண்டு முதல் ஐந்து நொடிகளுக்குள் அது எப்போது வேண்டுமானாலும் எரியலாம். எரிந்த கணத்தில் ரிவால்வரை உருவி, அதன் பின்புறமுள்ள சுத்தியைக் கட்டைவிரலால் பின்னிழுத்து, இடுப்புயரத்திலிருந்தே சுட வேண்டும். வெடிமருந்து சேர்ப்பதில்லை, தோட்டாவின் அடியில் தீப்பொறி தரும் ப்ரைமர் என்ற சிறு மூடியின் உந்துதலில் மட்டுமே மெழுகுக் குண்டு பாய்கிறது. அது தகட்டில் பட்டதும் கடிகாரம் நின்று, நொடியின் ஆயிரத்தில் ஒரு பங்கு வரை நேரத்தைக் காட்டும். தகட்டில் படாத குண்டு எத்தனை விரைவாகப் போனாலும் கணக்கில் வராது.

இனி உங்கள் குறிப்புக்கு வருகிறேன். இருபது சுடுதல்களில் ஆறு தகட்டில் படவே இல்லை. பட்ட பதினான்கில் மிக விரைவானது 0.42, மிகத் தாமதமானது 0.71. அந்தப் பெரியவரின் 0.52ஐவிடக் குறைந்த நேரத்தில் பட்டவை ஐந்தே ஐந்து. ஆக, இருபது முறை நீங்களும் அவரும் நின்றால் உறுதியாக உங்களுடையவை என்று சொல்லத்தக்கவை அந்த ஐந்துதான். 0.42 என்ற எண்ணை உங்கள் வேகம் என்று நம்பிக்கொண்டிருக்கிறீர்கள். என் கண்ணுக்கு அது உங்களுக்கு ஒருநாள் வாய்த்த நல்ல நேரம், அவ்வளவே. உங்கள் வேகம் எது என்றால், போட்டி நாளில், வயிறு கலங்கும்போது, பத்துக்கு ஒன்பது முறை தகட்டைத் தொட்டுக்கொண்டு வரும் நேரம்தான் உங்கள் வேகம். அந்த எண் இன்று உங்களிடம் இல்லை; பெரியவரிடம் இருக்கிறது.

தவறிய ஆறில் நான்கு தகட்டுக்குக் கீழே மண்ணில் பட்டதாக எழுதியிருக்கிறீர்கள். கடிதத்தில் என்னை நிறுத்திவைத்த வரி அதுதான். உறையிலிருந்து மேலெழும் குழல் கிடைமட்டத்துக்கு வருவதற்கு முன்பே கட்டைவிரல் சுத்தியை விட்டுவிடுகிறது. அதனால் குண்டு தாழப் போகிறது. இதை வெறும் புள்ளி இழப்பாக எண்ணிவிடாதீர்கள். இன்னும் சற்று முந்தினால் அந்த மெழுகு உங்கள் காலிலேயே படும். மெழுகுதானே என்று அலட்சியம் காட்டத்தக்க அடி அல்ல அது. கை இத்தனை அவசரப்படுவதற்குக் காரணம் கையில் இல்லை, விளக்கு எரிவதற்கு முந்தைய அந்த இரண்டு முதல் ஐந்து நொடிகளில் இருக்கிறது.

கணக்காகவே பாருங்கள். ஒளியைக் கண்ட கண்ணிலிருந்து செய்தி மூளைக்குப் போய், அங்கிருந்து தசைக்கு ஆணை வந்து, கை அசையத் தொடங்குவதற்கே ஏறத்தாழ 0.2 நொடி ஆகிவிடுகிறது. உங்கள் 0.42இல் பாதி அங்கே போய்விட்டது. இந்தப் பாதியைப் பயிற்சியால் பெரிதாகக் குறைக்க முடியாது என்பதை ஏற்றுக்கொள்ளாதவர்கள் குறுக்குவழி தேடுகிறார்கள்; விளக்கு எப்போது எரியும் என்று ஊகிக்கிறார்கள். இரண்டாம் நொடி கடந்ததும் "இதோ, இதோ" என்று மனம் முணுமுணுக்கத் தொடங்கும். தோள் மெல்ல உயரும், முன்கை இறுகும், மூச்சு நின்றுவிடும். இறுகிய தசையை முதலில் தளர்த்தித்தான் அசைக்க முடியும் என்பதால், நான்காம் நொடியில் விளக்கு எரியும்போது அந்தக் கை தாமதமாகவே கிளம்பும். தாமதமாகிவிட்டது என்று உணர்ந்த மனம், இழந்ததை ஈடுகட்டக் கட்டைவிரலை முந்திவிடச் சொல்லும். உங்கள் குறிப்பில் 0.71களும் மண்ணில் பட்டவையும் அடுத்தடுத்து வருவது இதனால்தான்.

பர்மிங்ஹாம் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2010இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றை இங்கே சொல்ல வேண்டும். நாமாக முடிவெடுத்துச் செய்யும் அசைவைவிட, எதிராளியின் அசைவைக் கண்டு எதிர்வினையாகச் செய்யும் அசைவு ஏறத்தாழ 21 மில்லி நொடி விரைவாக முடிகிறது என்று அவர்கள் அளந்து காட்டினார்கள். அவர்கள் அளந்தது விளக்கை அல்ல, பொத்தான்களை அழுத்தும் இருவர் போட்டியை. ஆனாலும், தூண்டுதலுக்குப் பதிலளிக்கும் உடலுக்கு இயல்பாகவே ஒரு விரைவு இருக்கிறது என்பதை அதிலிருந்து நான் எடுத்துக்கொள்கிறேன். ஊகித்துக் கிளம்புகிறவன் அந்த இயல்பான விரைவைத் தானே தள்ளிவிடுகிறான். விளக்கு உங்கள் கையை இழுக்கட்டும், தம்பி; நீங்கள் கையைத் தள்ளாதீர்கள்.

செய்யவேண்டியதைச் சொல்கிறேன். ஆயத்தக் கட்டளைக்கு முன் ஒரு முழு மூச்சு விட்டுத் தோளைக் கீழே இறக்குங்கள். கட்டளை வந்ததும் பாதி மூச்சை வெளிவிட்ட நிலையில், கண்ணைத் தகட்டின் மீது பரவவிடாமல் விளக்கின் மேலேயே வையுங்கள். பக்கத்தில் நிற்பவரின் கை, கடிகாரத்தின் எண், சென்ற சுற்றின் முடிவு ஆகிய மூன்றுக்கும் அந்த நொடிகளில் இடமில்லை. விளக்கு நடுவிலேயே இருப்பதால் கண் வைத்த இடமே குழல் போய்ச் சேரவேண்டிய இடமும் ஆகிறது. வேறு எந்தக் குறியும் உங்களுக்குத் தேவையில்லை. அடுத்த இரண்டு வாரங்கள் கடிகாரத்தைத் துணியால் மூடிவிட்டு, பத்துக்கு ஒன்பது படும் வேகத்தில் மட்டும் சுடுங்கள். எண்ணைப் பார்க்க மனம் துடிக்கும், பார்க்க வேண்டாம். ஒன்பது பட்டால்தான் மறுநாள் சற்று விரைவு, எட்டு என்றால் அதே வேகம், ஏழு என்றால் ஒரு படி மெதுவாக. நோட்டுப் புத்தகத்தில் மிகச் சிறந்த நேரம் என்ற கட்டத்தையே அடித்துவிட்டு, மிக விரைவானதற்கும் மிகத் தாமதமானதற்கும் உள்ள இடைவெளியை எழுதுங்கள். இன்று அது 0.29 நொடி. அது 0.10க்குள் வரும் நாளில் அந்தப் பெரியவரோடு நின்று பாருங்கள்.

தைப்பூசத்தன்று பினாங்கில் ரதம் வரும் வழியில் தேங்காய் உடைப்பவர்களைச் சிறுவயதில் பார்த்திருப்பீர்கள். சில ஆண்டுகளுக்கு முன் தண்ணீர்மலைக்குப் போகும் சாலையோரம் ஒருவரை வெகுநேரம் கவனித்தேன். அவர் முன்னால் நூற்றுக்கு மேற்பட்ட காய்கள் குவிந்திருந்தன. பக்கத்தில் நின்ற இளைஞர்கள் ஆவேசமாகத் தலைக்கு மேல் தூக்கி வீசினார்கள். சில காய்கள் உடையாமல் உருண்டோடின, சிலவற்றை அவர்களே ஓடிப்போய் எடுத்துவந்து மறுபடி வீசினார்கள். இவரோ ஒவ்வொரு காயையும் குனிந்து எடுத்து, குடுமியைத் தடவிப் பார்த்து, காதளவு மட்டுமே தூக்கி, தார்ச்சாலையில் ஒரே இடத்தில் அடித்தார். எந்தக் காயும் இரண்டாம் முறை கைக்கு வரவில்லை. இளைஞர்களின் குவியல் பாதியாவதற்குள் இவருடையது தீர்ந்துபோயிற்று. உங்கள் கழகத்துப் பெரியவரை நான் பார்த்ததில்லை என்றாலும், அவர் கையும் அந்தக் காதளவைத் தாண்டாது என்றே நினைக்கிறேன்.

கேள்வி: இதே கடிதத்தில் இன்னொன்றும் கேட்கிறேன், ஐயா. தீபாவளிக்கு மூன்று வாரம் அம்மா வீட்டுக்கு வருகிறேன். ரிவால்வரை அங்கேயே விட்டுவிட்டுத்தான் வருவேன். கை மறந்துவிடாமலிருக்க இங்கே ஒரு பொம்மைத் துப்பாக்கியை வைத்துப் பழகலாமா?

பதில்: வேண்டவே வேண்டாம். மலேசியாவின் 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் அசல் துப்பாக்கியோடு நிற்பதில்லை; துப்பாக்கிபோலத் தோற்றமளிக்கும் போலிப் பொருளை உரிமமின்றி வைத்திருப்பதும் அதன்படி குற்றம். தெரியாமல் வாங்கினேன் என்று நீதிமன்றத்தில் சொல்லிக்கொண்டிருக்க நேரிடக் கூடாது.

உங்களுக்கு வேண்டிய பயிற்சிக்குத் துப்பாக்கி தேவையும் இல்லை. உங்கள் சிக்கல் காத்திருப்பதில் இருக்கிறது. காத்திருக்க வெறுங்கை போதும். வீட்டில் அக்கா பிள்ளைகள் யாராவது இருந்தால், கையில் ஒரு டார்ச் விளக்கைக் கொடுத்துக் கூடத்தின் மறுகோடியில் நிற்கச் சொல்லுங்கள். "ரெடி" என்று சொன்னபின் தன் விருப்பப்படி எப்போதாவது ஒளியைப் போடட்டும். பத்தில் இரண்டு முறை போடாமலேயே ஏமாற்றட்டும். நீங்கள் போட்டியில் நிற்கும் அதே நிற்பில் நின்று, ஒளி தெரிந்ததும் கையை ஒரு சாண் மட்டும் உயர்த்துங்கள். ஒளி வராத முறைகளில் கை துள்ளியதா என்பதைப் பிள்ளை எண்ணிச் சொல்லட்டும். பிள்ளைகள் இந்த வேலையில் சிறிதும் இரக்கம் காட்டமாட்டார்கள். என் பேரன் என்னை இரண்டே நாளில் திருத்திவிட்டான். துள்ளல் அறவே நின்றுவிட்டால், மூன்று வாரம் துப்பாக்கியைத் தொடாததால் நீங்கள் இழந்ததைவிடப் பெற்றது அதிகம்.

ஒரே ஒரு எச்சரிக்கை. அரிசோனாவுக்கும் நமக்கும் 15 மணி நேர வித்தியாசம். தூக்கம் கெட்ட உடலில் எதிர்வினை மந்தமாகத்தான் இருக்கும். வந்த முதல் வாரத்தில் எதையும் அளந்து மனம் நொந்துகொள்ளாதீர்கள். அம்மா சுட்டுத் தரும் முறுக்கைச் சாப்பிட்டுவிட்டுத் தூங்குங்கள். திரும்பிப் போன முதல் வாரமும் அப்படித்தான்.

கேள்வி: ஐயா, எனக்கு 22 வயது. கோலாலம்பூரில் படித்துக்கொண்டே 25 மீட்டர் பெண்கள் கைத்துப்பாக்கிப் பிரிவில் பயிற்சி பெறுகிறேன். நிதானப் பகுதியில் நன்றாகச் சுடுகிறேன். விரைவுப் பகுதியில் ஒரு குண்டு ஏழு புள்ளி வட்டத்தில் பட்டுவிட்டால், அந்தத் தொடரின் மீதிக் குண்டுகள் அத்தனையும் சிதறிவிடுகின்றன. கவனத்தை எப்படி மீட்பது? — வாசகி, செந்தூல்

பதில்: மகளே, உன் போட்டியும் அரிசோனாத் தம்பியின் போட்டியும் பார்ப்பதற்குத்தான் வேறு. விரைவுப் பகுதியில் இலக்கு 3 நொடி திறந்திருக்கும், 7 நொடி மூடியிருக்கும். ஒரு திறப்புக்கு ஒரு குண்டு. ஒரு தொடரில் ஐந்து திறப்பு. மொத்தம் 30 குண்டு. எல்லோரும் அந்த 3 நொடியைப் பற்றியே பேசுகிறார்கள். உன் புள்ளிகள் போவது 7 நொடியில்.

அந்த 7 நொடியில் இப்போது என்ன செய்கிறாய் என்று உன் கடிதமே காட்டுகிறது: திரையில் புள்ளியைப் பார்க்கிறாய், ஏழு என்று தெரிகிறது, கணக்குப் போடுகிறாய், கணக்கு முடிவதற்குள் இலக்கு திறந்துவிடுகிறது. அடுத்த குண்டைச் சுடுவது நீ இல்லை, அந்தக் கணக்கு.

அந்த நொடிகளை வேலையால் நிரப்பிவிடு. குண்டு போனபின்னும் குழலின் முனையிலுள்ள முன்குறியைக் கண் ஒரு கணம் விடாமல் பார்க்கட்டும். பிறகு கையை நிதானமாக 45 பாகைக்கு இறக்கு. முழு மூச்சு ஒன்று விடு. கைப்பிடியில் விரல்கள் முன்பிருந்த இடத்திலேயே இருக்கின்றனவா என்று தோலால் உணர்ந்து பார். கண்ணை இலக்கின் கீழ்ப்பகுதியில் வைத்துக் காத்திரு. இந்த வரிசை ஒவ்வொரு குண்டுக்கும், அது பத்தானாலும் ஆறானாலும், மாறக் கூடாது. இலக்கு திறந்ததும் கை எழும்போதே, விரலால் இழுக்கும் விசையின் தொடக்கத் தளர்வை அழுத்தி எடுத்துவிடு. உன் பிரிவில் விசையை இழுக்கத் தேவையான எடை குறைந்தது 1,000 கிராம் இருக்க வேண்டும் என்பது விதி. அதில் பெரும்பகுதியைக் கை மேலே வரும் வழியிலேயே ஏற்றிவிட்டால், மேலே வந்தபின் மீதி இருப்பது மிகச் சிறிது. மேலே வந்தபிறகு மொத்தத்தையும் ஒரே இழுப்பில் இழுப்பவர்களுக்குத்தான் ஏழும் ஆறும் விழுகின்றன. பயிற்சியில் திரையைத் திருப்பி வைத்துவிட்டு, ஐந்து குண்டும் முடிந்தபின் மட்டும் பார்.

பிழைபட்ட குண்டை மறந்துவிடு என்று பலர் அறிவுரை சொல்லியிருப்பார்கள். மறக்க முயல்வதும் நினைப்பதுதான். அதனால் அந்த அறிவுரையை நான் யாருக்கும் சொல்வதில்லை. தொடர் முடிந்ததும் நோட்டில் ஒரு வரி எழுது. "மூன்றாவது குண்டு, விசை திடீர் இழுப்பு" என்ற அளவு போதும்.

மாதத்தின் சில நாட்களில் உடம்பு ஒத்துழைப்பதில்லை என்றும் கடிதத்தின் ஓரத்தில் எழுதியிருந்தாய். நம் நாட்டின் நூர் சுரியானி முகமது தாய்பி 2012 லண்டன் ஒலிம்பிக்கில் எட்டு மாதக் கர்ப்பிணியாக 10 மீட்டர் ஏர் ரைஃபிள் (காற்றழுத்த நீள்துப்பாக்கி) பிரிவில் கலந்துகொண்டு 34ஆம் இடம் பெற்றார். உடலின் எடையும் நடுநிலையும் வாரத்துக்கு வாரம் மாறிக்கொண்டிருந்த ஒருவர் உலகத்தின் முன் நின்று ஒவ்வொரு குண்டையும் ஒழுங்காகச் சுட்டு முடித்தார் என்பதை நினைத்துப் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பெருமையாக இருக்கிறது. நேற்றைய நிற்பை இன்றைய உடம்பின்மேல் திணிக்காதே. கண்ணை மூடிக் கையை உயர்த்து, பிறகு கண்ணைத் திற. கை இலக்குக்கு இடப்பக்கம் நின்றால் கையைத் திருப்பாமல் பின்காலை நகர்த்து. அந்த நாட்களில் இந்தச் சோதனைக்குக் கூடுதலாக ஐந்து நிமிடம் ஒதுக்கு.

கேள்வி: 54 வயதில் ஏர் பிஸ்டல் (காற்றழுத்தக் கைத்துப்பாக்கி) பழகத் தொடங்கியிருக்கிறேன். கை நடுங்குகிறது. இரத்த அழுத்தத்துக்கு டாக்டர் கொடுத்த மாத்திரையைச் சாப்பிடும் நாட்களில் நடுக்கம் குறைவாக இருக்கிறது. போட்டிக்கு முன் அதையே சாப்பிட்டுவிட்டுப் போகலாமா? — வாசகர், பிரிக்பீல்ட்ஸ்

பதில்: ஐயா, முதலில் அந்த மாத்திரை எந்த வகை என்று உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள். இரத்த அழுத்தத்துக்குத் தரப்படும் மருந்துகளில் பீட்டா பிளாக்கர் என்று ஒரு வகை உண்டு. அது இதயத் துடிப்பையும் நடுக்கத்தையும் குறைப்பதால், உலக ஊக்கமருந்துத் தடுப்பு அமைப்பு துப்பாக்கி சுடுதலில் அதைத் தடைசெய்திருக்கிறது. போட்டி நாளில் மட்டுமல்ல, மற்ற நாட்களிலும். 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் வட கொரியாவின் கிம் ஜோங் சு வென்ற வெள்ளியும் வெண்கலமும் இந்த வகையைச் சேர்ந்த புரோப்ரனோலால் காரணமாகவே பறிக்கப்பட்டன.

அதற்காக மருந்தை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். உயிர் விளையாட்டைவிடப் பெரிது. மருத்துவரிடம் உங்கள் விளையாட்டைச் சொல்லி, வேறு வகை மருந்து பொருந்துமா என்று கேளுங்கள். பொருந்தாது என்றால், பதிவுபெற்ற போட்டிகளில் நுழைவதற்கு முன் மருத்துவ விலக்குக்கு, அதாவது அந்த மருந்தை மருத்துவக் காரணத்துக்காகச் சாப்பிட அனுமதிக்கு, விண்ணப்பிப்பது பற்றிக் கழகத்தில் பேசுங்கள்.

நடுக்கத்தைப் பொறுத்தவரை, உலகில் ஆடாத கை கிடையாது. ஆடும் வட்டத்துக்குள்ளேயே விசையை ஒரே சீராக அழுத்தக் கற்றுக்கொண்டால் குண்டு அந்த வட்டத்துக்குள்தான் போகும். ஆட்டம் நிற்கும் கணத்துக்காகக் காத்திருந்து சட்டென்று இழுத்தால் வட்டத்தை விட்டே போய்விடும். பயிற்சிக்கு முன் மாமாக் கடையில் இரண்டு தே தாரிக் (ஆற்றிய பால் தேநீர்) குடிக்கும் வழக்கம் இருந்தால், அது நடுக்கத்தைக் கூட்டலாம் என்பதால் அதை மட்டும் பயிற்சிக்குப் பின் வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: என் 14 வயது மகன் இணையத்தில் ஃபாஸ்ட் டிரா பார்த்துவிட்டு அதைக் கற்றே தீருவேன் என்கிறான். இங்கே எங்கே சேர்ப்பது? — ஒரு தந்தை, நிபோங் தெபால்

பதில்: மகன் ஆர்வத்தை அடக்க வேண்டாம், ஐயா, அதற்கு வேறு வாசலைக் காட்டுங்கள். உறையிலிருந்து உருவிச் சுடுவது ஒரு பிள்ளை துப்பாக்கியோடு தொடங்கவேண்டிய இடம் அல்ல. நம் நாட்டில் ஏர் பிஸ்டலுக்குக்கூட உரிமம் வேண்டும் என்பதால், உரிமம் பெற்ற ஒரு கழகத்தில், பயிற்றுநரின் கண் முன்னால், கழகத்தின் துப்பாக்கியைக்கொண்டு தொடங்குவதுதான் முறை. பதின்ம வயதினரைச் சேர்ப்பதற்குக் கழகம் என்னென்ன நிபந்தனை வைக்கிறது என்பதை நேரில் போய்க் கேட்டுக்கொள்ளுங்கள்.

10 மீட்டர் ஏர் பிஸ்டலில் பத்துப் புள்ளி வட்டத்தின் விட்டம் 11.5 மில்லிமீட்டர். 60 குண்டுகளுக்கு 75 நிமிடம் தருகிறார்கள். இணையத்தில் அரை நொடியைக் கண்டு மயங்கிய பையனுக்கு இது சலிப்பாகத் தோன்றக்கூடும். ஆனால் என்னிடம் வரும் பிள்ளைகளை முதல் மாதம் குண்டே போடாமல்தான் நிற்கவைக்கிறேன்: நிற்பு, மூச்சு, கையை உயர்த்துதல், குண்டில்லாமல் விசையை இழுத்தல், கையை இறக்குதல். விரல் எப்போது விசைக்குள் போகலாம், குழல் எந்தத் திசையை விட்டு நகரக் கூடாது என்பவை சொல்லாமலே உடம்பில் ஊறிய பின்புதான் முதல் குண்டு. அந்த ஒரு மாதத்தை அவன் முகம் சுளிக்காமல் கடக்கிறானா என்று பாருங்கள். முதல் நாள் நீங்களும் கூட வந்து, பின்னாலிருக்கும் பெஞ்சில் உட்கார்ந்து பார்த்தால் நல்லது. காதடைப்பான் மட்டும் மறக்காமல் வாங்கிப் போட்டுக்கொள்ளுங்கள், பக்கத்துத் தளத்தில் பெரிய துப்பாக்கிகள் வெடிக்கும்.